ஏழு விண்ணப்பம், ஒரு கை

நீலக்கல் தோட்டம், மேற்பிரிவு,
மஸ்கெலியா.
18.4.1959, சனி இரவு

அன்புள்ள மலர்,

இதை அடுப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு எழுதுகிறேன். குப்பி லாம்பைச் சாக்கால் மறைத்து வைத்திருக்கிறேன். வெளிச்சம் கதவிடுக்கில் தெரிந்தால் கங்காணி பார்த்துவிடுவார். இரண்டு வாரமாக அவர் ராத்திரியில் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் மேலும் கீழும் நடக்கிறார். எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் கேட்க வேண்டியது. கல்வி நலநிதிச் சபையிலிருந்து என் படிப்புச் செலவுக்கு அனுமதி வந்ததா? உன் அப்பா அந்தக் கந்தோரில்தானே வேலை செய்கிறார். மார்ச்சிலேயே வந்துவிடும் என்றார்கள். மே நாலாம் தேதி கல்லூரி திறக்கிறது. நிதிச் சபையின் கடிதம் இல்லாமல் விடுதிப் படியேற வேண்டாம் என்று மேட்ரன் போன தவணைக் கடைசி நாளிலேயே சொல்லிவிட்டார்.

இங்கேயும் ஒரு கெடு இருக்கிறது. மே மாதம் முடிவதற்குள் கடிதம் வராவிட்டால், ஜூன் ஒன்றாம் தேதி என் பெயரை வேலையாள் பட்டியலான செக்ரோலில் பதிந்து தேயிலைக் கொழுந்து எடுக்க அனுப்பிவிடுவதாக அப்பா கங்காணிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். வேறு வழியில்லை. வேலைக்கு வராத வயதுப் பெண்ணுக்கு லயத்தில் எதற்கு இடம் என்று கங்காணி மூன்று தடவை கேட்டுவிட்டார். செக்ரோலில் ஏறிய பெயர் பள்ளிக்கூட இடாப்புக்குத் திரும்பிப் போனதாக எங்கள் தோட்டத்தில் ஒரு கதைகூட இல்லை. அம்மா எனக்கென்று ஒரு கூடையை எடுத்துக் கழுவி வைத்திருக்கிறாள். அதைப் பார்க்காமல் இருக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறேன்.

கங்காணி எதற்காக நடக்கிறார் என்றால், என்னுடைய விண்ணப்பத்தோடு எங்கள் லயத்தில் இன்னும் ஆறு வீட்டுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். தோட்டப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அந்த ஆறு பிள்ளைகளும் அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். ஏழு விண்ணப்பத்தையும் தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் கொடுக்காமல் நேரே ஹட்டனுக்குத் தபாலில் போட்டோம். அவரிடம் கொடுத்தால் மேசை இழுப்பறைக்குள்ளேயே கிடக்கும். இப்போது அவருக்குச் செய்தி தெரிந்துவிட்டது. எழுதியது யார் என்று தேடுகிறார்கள். இங்கே பெட்டிசன் எழுதுகிற வீட்டுக்குப் பத்துச்சீட்டு கிழித்துக் கொடுப்பார்கள். அன்றைக்கே வேலையும் போகும், குடியிருக்கிற காம்பராவும் போகும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதியதற்காக வருத்தமாக இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்று எழுதும்போதுதான் தெரிகிறது.

பதிலைத் தோட்டத்து முகவரிக்கு அனுப்பாதே. தபால் மூட்டை பெரிய கிளாக்கர் மேசையில்தான் பிரியும். பஸாரில் இராமையா கடை என்று போடு.

வடிவு


ஹட்டன்.
27.4.1959

அன்புள்ள வடிவு,

அப்பா கந்தோர் விஷயம் வீட்டில் கதைக்கிறவர் இல்லை. மூன்று நாள் பின்னால் திரிந்துதான் கேட்டறிந்தேன். அதனால் தாமதம்.

உன் விண்ணப்பத்தைத் தள்ளவில்லை. நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நீலக்கல் தோட்டத்திலிருந்து வந்த ஏழும் ஒரே கையெழுத்து. ஆறில் சாட்சியாக ஒப்பமிட்டிருப்பதும் நீ. உன்னுடையதில் சாட்சியே இல்லை. அது போதாதென்று மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் ஒன்றே: மார்ச் 22. உங்கள் பெரிய கிளாக்கர் சபையில் ஓர் உறுப்பினர் என்பது உனக்குத் தெரியுமா? இல்லாத பிள்ளைகளின் பெயரில் நிதி எடுக்கப் பார்க்கிறார்கள் என்று அவர்தான் எழுந்து சொன்னாராம்.

ஒரு வழி இருக்கிறது. 'மற்ற ஆறும் எனக்குத் தெரியாமல் என் பெயரைப் போட்டு எழுதப்பட்டவை' என்று ஒரு வரி எழுதி அனுப்பு. அவற்றைத் தள்ளிவிட்டு உன்னுடையதைத் தனியே எடுப்பார்கள். அப்பாவே சொன்னவர். "அந்தப் பிள்ளை முதல்லை தன்ரை வழியைப் பாக்கட்டும். ஊருக்கெல்லாம் அவளே குடை பிடிக்கிறது?"

ஒரு வரிதான், வடிவு. டிசம்பரில் பரீட்சை. வகுப்பு திறந்ததும் என் பக்கத்து இடத்தில் புத்தகப் பையை வைத்து வேறு ஒருவரும் இருக்காமல் பார்த்துக்கொள்வேன். கெதியாய் எழுது.

அன்புடன்,
செல்வமலர்


நீலக்கல்.
5.5.1959, இரவு

மலர்,

அந்த ஒரு வரியை எழுத மாட்டேன்.

எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா. எழுதத் தெரிந்த கை ஒன்று. ஏழு விண்ணப்பமும் ஒரே கையில் இல்லாமல் எத்தனை கையில் இருக்கும்? தோட்டப் பள்ளி மாஸ்டர் இருக்கிறாரே என்று உன் அப்பா கேட்கலாம். கேட்டுப் பார்த்தோம். கிளாக்கர் ஐயாவிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்றார். சாட்சி என்றால் நேரில் பார்த்தவர் என்று படித்திருக்கிறேன். அவர்கள் கைநாட்டு வைத்ததை நேரில் பார்த்தவள் நான். அதனால் ஒப்பமிட்டேன். எனக்கு நானே சாட்சி வைக்கக் கூடாதென்று அந்த இடத்தைச் சும்மா விட்டேன். உங்கள் வீட்டில் ஆளுக்கொரு பேனா. அதனால் எங்கள் ஒற்றைப் பேனா உங்களுக்குக் களவாகத் தெரிகிறது.

பிறந்த நாள் விஷயத்தில் பிழை என்னுடையதுதான். என்றைக்குப் பிறந்தது என்று கேட்டால் மூன்று வீட்டிலும் மாரியம்மன் தேர் அன்றைக்கு என்றார்கள். இராமையா கடைக் காலண்டரில் இந்த வருஷத் தேருக்குச் சுழித்து வைத்திருந்தது மார்ச் 22. அதையே மூன்று பேருக்கும் எழுதிவிட்டேன். தேர் வருஷத்துக்கு வருஷம் வேறு தேதியில் வரும் என்பது அந்த நேரம் என் புத்தியில் ஏறவில்லை. இது முட்டாள்தனம். மோசடி இல்லை.

வீரம்மா அக்காவின் மகள் பூரணி ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்தவள். புருஷன் இல்லாத வீடு. அவள் விண்ணப்பம் பொய் என்று நான் எழுதிவிட்டு, மறுநாள் ஒரே பீலியில் அக்காவோடு தண்ணீர் பிடிக்க வேண்டும். நீ யோசித்துப் பார்த்தாயா?

கங்காணி நேற்று வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். ஒன் மக ராத்திரியில என்னத்தய்யா எழுதுது என்று அப்பாவைக் கேட்டார். பாடம் எழுதுவதாக அப்பா சொன்னார். "பள்ளிக்கொடமே இல்லாத புள்ளைக்கு என்னா பாடம்?" என்று சிரித்துக்கொண்டே என் விரல்களைப் பார்த்தார். மை இருந்தது. ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்த மாவுக்குள் இரண்டு கையையும் புதைத்துக்கொண்டேன். அவர் போன பிறகுதான் கையை வெளியே எடுத்தேன். அந்த மாவில் அன்றைக்கு ரொட்டி சரியாக வரவில்லை.

நேற்று முதல் மணி அடித்திருக்கும். பக்கத்து இடத்திலிருந்து பையை எடுத்துவிடு. களவெடுக்கிறவளுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டாம்.

சண்முகவடிவு


ஹட்டன்.
11.5.1959

வடிவு,

முழுப் பெயர் போட்டு ஒப்பமிட்டிருக்கிறாய். கோபம் விளங்குகிறது.

நான் உன்னைக் களவு என்று சொல்லவில்லை. நீ இல்லாமல் வகுப்பில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்காக இன்னொருத்தியின் மகளை இல்லையென்று எழுதச் சொன்னேன் என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாள் பதில் எழுதவும் வெட்கமாக இருந்தது. உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். ஆளுக்கொரு பேனா என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவர்.

இரவு சாப்பிடும்போது மட்டும் ஒன்று சொன்னவர். சபை 23ஆம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூடுகிறது. விண்ணப்பித்தவர் நேரில் வந்து பேசலாம் என்று விதி இருக்கிறது. இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

வா என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பெரிய கிளாக்கர் அந்த மேசையில்தான் இருப்பார். இதுவரை அவருக்குச் சந்தேகம்தான்; எழுதியது நீதான் என்று அவர் முன்னாலேயே உன் வாயால் சொல்ல வேண்டி வரும். பிறகு உங்களுக்கு என்ன நடக்கும் என்று நினைத்தால் நித்திரை வருகுதில்லை. வராதே என்று சொல்லவும் மனமில்லை.

பையை எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன்.

மலர்


நீலக்கல்.
18.5.1959, இரவு

அன்புள்ள மலர்,

உன் கடிதத்தை வீரம்மா அக்கா காம்பராவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஆறு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். விளக்கு வைக்கவில்லை. அடுப்பு வெளிச்சம் போதும். அந்த ஒரு வரி பற்றியும் மறைக்காமல் சொன்னேன்.

செல்லசாமி மாமாவுக்கு இரண்டு பையன்கள், மூத்தவனுக்காகத்தான் விண்ணப்பம். அவர், "அந்த ஒரு வரிய எழுதிரு தாயி. ஏழுல ஒண்ணாவது கரையேறட்டும்" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு ஒரு கணம் சரி என்று சொல்லிவிடலாம் என்றுகூட வந்தது. உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை.

வீரம்மா அக்கா குறுக்கே வந்தாள். "எம் பொண்ணு பொறக்கவே இல்லன்னு இவ எழுதணுமா? அப்ப நான் அன்னைக்கு தேர் வடத்த உட்டுட்டு ஓடியாந்து எதப் பெத்தேன்? பூசணிக்காயையா?" எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கங்காணி காதில் விழும் என்று அம்மா வாயில் விரல் வைத்து அடக்கினாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு யாரும் அந்த வரியைப் பற்றிப் பேசவில்லை.

சனிக்கிழமை வேலை நாள். ஏழு வீட்டுக்காரர்கள் ஒரே காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்துக்கு வராவிட்டால் ஸ்ட்ரைக் என்பார்கள். அப்பா அதுவரை சுவரில் சாய்ந்தபடி இருந்தார். எழுந்து கதவருகே போய் வெளியே பார்த்துவிட்டு, முதல் பஸ் ஐந்தரைக்கு என்று மட்டும் சொன்னார். அதுதான் முடிவு.

ஒரு வேடிக்கை. வீரம்மா அக்கா அன்றிலிருந்து தினமும் எல்லோரும் தூங்கிய பிறகு வருகிறாள். தன் பெயரை எழுதக் கற்றுக்கொடு என்கிறாள். கைநாட்டு வைத்தால், நான்தான் அவள் விரலைப் பிடித்து அழுத்தினேன் என்பார்கள் என்று அவளுக்குச் சந்தேகம். அடுப்புச் சாம்பலைத் தட்டில் பரப்பிக் குச்சியால் எழுதுகிறாள். 'வீ' ஏறுக்கு மாறாகப் போகிறது. செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை, குச்சியை முறித்துவிடுகிறது. நேற்று மூன்று குச்சி போயிற்று.

நான் பயப்படுவதை அவளிடம் சொன்னேன். அவளுக்கும் பயம்தானாம். ரெண்டு பேரு பயந்தா பாதிப் பாதிதானே என்கிறாள்.

வடிவு


நீலக்கல்.
24.5.1959, இரவு

அன்புள்ள மலர்,

நேற்று உன் வீட்டுத் தெருவைத் தாண்டித்தான் போனோம். நீ ஜன்னலில் நின்றதைப் பார்த்தேன். கையசைக்கவில்லை என்று நினைக்காதே. நனைந்த கம்பளிக்குள் காகிதங்களை அணைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிவரை கந்தோர் நடையில் நிறுத்தி வைத்தார்கள். பிறகு உன் அப்பா வெளியே வந்து பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். திருமதி வீரம்மா என்றார். யாரைக் கூப்பிடுகிறார் என்று அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே நீண்ட மேசை. பெரிய கிளாக்கர் ஓரத்தில். சபைச் செயலாளர் ஏழு காகிதங்களையும் பரப்பி வைத்து, எழுதியது யார் என்று கேட்டார். பெரிய கிளாக்கர் என்னையே பார்த்தார். வீட்டில் சொல்லிப் பழகியதெல்லாம் போய்விட்டது. அப்பா பக்கத்தில் நின்று ஒரு தரம் செருமினார்.

"நாந்தாங்க" என்றேன். ஏழையுமா என்றார். "ஏழையும் நாந்தாங்க. இன்னும் யாரு வந்தாலும் எழுதிக் குடுப்பேங்க."

இவ்வளவு பேச நான் நினைக்கவில்லை. அது தானாக வந்தது.

மூன்று பிள்ளைகள் எப்படி ஒரே நாளில் பிறந்தார்கள் என்று அக்காவைக் கேட்டார்கள். "ஒரே தேருங்க. வருசந்தான் வேற வேற" என்றாள். செயலாளர் குனிந்துகொண்டார். அவர் சிரித்ததை உன் அப்பாவும் பார்த்திருப்பார். தேதிகளை நான் பிழையாக எழுதியதை ஒப்புக்கொண்டேன். பிறப்புப் பதிவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்றார்கள்.

பிறகு ஒவ்வொருவரும் புதிதாகக் கைநாட்டு வைக்க வேண்டும் என்றார்கள். அக்கா மைப்பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவைக் கேட்டாள். நின்றபடியே குனிந்து எழுத ஆரம்பித்தாள். 'வீ' முடியவே வெகுநேரம் ஆனது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பெரிய கிளாக்கர் கடிகாரத்தைப் பார்த்து, பொழுது போயிரும்மா, கைநாட்டே வை என்றார்.

அக்கா தலை நிமிரவில்லை. "பதினேழு வருசமா ஒங்க பெரட்டுல நான் காத்துக்கிட்டு நிக்கிறேங்க. நீங்க கொஞ்சம் நில்லுங்க."

நின்றார்கள், மலர். நாலு எழுத்தும் முடியும்வரை அந்த மேசையே நின்றது.

ஆறு பேருக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. எனக்கு இல்லை. என் விண்ணப்பத்தில் சாட்சி இல்லையாம். எழுத்தறிந்த இரண்டு பெரியவர்கள் ஒப்பமிட்டு அனுப்பினால் செயலாளரே அனுமதி கொடுக்கலாம் என்று சபை தீர்மானித்தது. எழுத்தறிந்த பெரியவர்களுக்கு இங்கே நான் எங்கே போவேன்?

இன்று ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் கங்காணி வந்து, நாளையிலிருந்து அப்பாவுக்கு வடிகான் வெட்டுகிற வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலத்தில் இடுப்பளவு சேறு. பத்துச்சீட்டு தர அவர்களுக்குத் துணிவில்லை. ஏழு வீடும் சேர்ந்து கிளம்பியதைப் பார்த்துவிட்டார்கள். அப்பா மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டுக்கொண்டிருக்கிறார். ஜூன் ஒன்றுக்கு இன்னும் எட்டு நாள். கூடை அதே இடத்தில் இருக்கிறது.

வடிவு


ஹட்டன்.
28.5.1959

அன்புள்ள வடிவு,

இத்துடன் உன் விண்ணப்பம். சாட்சி இடத்தில் முதல் ஒப்பத்தைப் பார்.

நான் கேட்கவில்லை. உன் கடிதம் வந்த அன்றே அப்பா கந்தோர் விதிப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர். மூன்று தரம் வாசித்தவர். பிறகு, "எழுத்தறிஞ்ச ரெண்டு பேர் எண்டுதான் கிடக்கு. கந்தோர்காரன் வைக்கப்படாது எண்டு ஒரு இடத்திலையும் இல்லை" என்று சொல்லித் தன் பேனாவை எடுத்தவர். பெரிய கிளாக்கர் இதைச் சபையில் கேட்பார் என்று அம்மா பயந்தா. கேட்கட்டும், அந்த மனிசி நாலு எழுத்து எழுத நான் நிண்டனான், எனக்கு ஒரு ஒப்பம் வைக்க எவ்வளவு நேரம் என்கிறார்.

முன்பு அந்த ஒரு வரியை எழுதச் சொன்னதும் இதே மனிதர்தான். அதை அவரும் மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாவது சாட்சி உன் பக்கத்தில். ஆர் என்று நீ யோசி.

மலர்


நீலக்கல்.
31.5.1959, ஞாயிறு, பகல்

அன்புள்ள மலர்,

பகலில் எழுதுகிறேன். வாசலில் உட்கார்ந்து. கங்காணி இரண்டு தரம் கடந்து போனார். முதல் தரம் கையை ஒளித்தேன். இரண்டாம் தரம் ஒளிக்கவில்லை.

இரண்டாவது சாட்சி வீரம்மா அக்கா. இந்தத் தடவை 'வீ' நேராக வந்திருக்கிறது. 'ம்' மேல் புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அவளுக்கு மொத்தம் தெரிந்தது அந்த நாலு எழுத்துத்தான். எழுத்தறிந்தவர் என்றால் எத்தனை எழுத்து என்று விதியில் இருக்கிறதா, உன் அப்பாவைக் கேட்டுச் சொல்.

நாளை ஜூன் ஒன்று. அந்தக் காலைப் பெரட்டுக்கு என்னைக் கூட்டிவரச் சொல்லி நேற்று மாலையே ஆள் வந்தது. அப்பா கால் சேற்றைக்கூடக் கழுவாமல் பதில் சொன்னார். "ஜூன் ஒண்ணுன்னு வாக்குக் குடுத்தது நானு. அத எடுக்கிறதும் நாந்தான். எம் மக பேரு பள்ளிக்கூட இடாப்புல ஏற்கெனவே இருக்குன்னு போய்ச் சொல்லு." அவர் இப்படி உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை. உள்ளே அம்மா கூடையைக் கவிழ்த்து அதன் மேல் வெங்காயம் காயப் போட்டாள்.

அனுமதி வராமலும் போகலாம். அப்படியானால் அடுத்த சபைக்கும் வருவேன். அதற்கடுத்த சபைக்கும் வருவேன். கீழ்ப்பிரிவிலிருந்து நேற்று நான்கு பேர் வந்தார்கள், தங்களுக்கும் எழுதித் தர வேண்டுமென்று. எழுதுகிறேன். அதே கைதான் என்று உன் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

இனி இராமையா கடைக்கு எழுதாதே. தோட்டத் தபாலிலேயே அனுப்பு. உறையில் என் பெயரை முழுதாக எழுது.

சண்முகவடிவு
(இந்தத் தடவை கோபத்தில் போட்ட முழுப் பெயர் இல்லை.)


செல்வி சண்முகவடிவு,
4ஆம் லயம், 7ஆம் காம்பரா,
நீலக்கல் தோட்டம், மேற்பிரிவு,
மஸ்கெலியா.

ஹட்டன்.
8.6.1959

அன்புள்ள சண்முகவடிவு,

எத்தனை எழுத்து என்று விதியில் இல்லையாம். செயலாளர் இன்று ஒப்பமிட்டுவிட்டார். சபையின் கடிதம் இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. வரும் திங்கட்கிழமை முதல் மணிக்கு முன்னால் வந்துவிடு. விட்ட பாடங்களை எழுதி வைத்திருக்கிறேன். என் பையை அன்று காலை எடுப்பேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் வேறு ஆராவது பிரித்து வாசிக்கிறார்களென்றால், அவர்களுக்கு ஒரு சொல்:

ஐயா, வாசித்து முடித்ததும் தயவுசெய்து நன்றாக ஒட்டி, நாலாம் லயத்து ஏழாம் காம்பராவில் கொடுத்துவிடுங்கள். மழை பெய்கிறது. உள்ளே இருக்கும் காகிதம் நனையக் கூடாது.

துரைராசா செல்வமலர்